நடுப்பாலத்துல நிறுத்தாதீங்க

சார்! அங்க நிறுத்தாதீங்க! நடுப்பாலத்துல நிறுத்தாதீங்கன்னு சொல்றேன்ல! வாங்க, இப்படியே முன்னாடி வாங்க. இறக்கத்துக்கு வாங்க. வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடிங்க... போதும். போதும்னா போதும் சார்! ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு இறங்குங்க.

பயந்துடாதீங்க, நான் போலீஸ் இல்ல. விசிலைப் பாத்துட்டு எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. பேரு சபாநாயகம். அரசு அச்சகத்துல இருந்து ரிட்டையர் ஆனவன். பாலத்துக்கு அந்தப் பக்கம் பச்சை பெயிண்ட் அடிச்ச அபார்ட்மெண்ட் தெரியுது பாருங்க, லேக் வியூ, அதுல ரெண்டாவது மாடி. நீங்க? புதுசா குடிவந்தீங்களா? எந்தத் தெரு? ஓ, அந்தத் தெருவா! அது எங்க தெருவை விடப் பள்ளம் சார். அட, பயமுறுத்தலை. தெரிஞ்சுக்கணும் இல்ல?

அவசரமா போகணுமா? மழை சாயங்காலம்தான்னு சொல்லியிருக்கான். இருங்க, டீ வருது. சைக்கிள்ல கேன் வெச்சு வர்றான் பாருங்க, மழை அலர்ட் வந்தாலே பாலத்துக்கு வந்துடுவான். ரெண்டு டீ போடுப்பா! சாருக்கு சக்கரை?

இந்த ஏரியாவுல இதுதான் சார் வழக்கம். டிவில ஆரஞ்சுன்னு சொன்னா பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்குவோம். சிவப்புன்னு சொன்னா வண்டியைக் கொண்டு வந்து மேம்பாலத்துல ஏத்துவோம். மத்த ஊர்ல மழை வந்தா மனுஷன் குடை எடுப்பான். இங்க சாவி எடுப்பான்.

முன்னெல்லாம் இப்படியா பெஞ்சுச்சு? ஐப்பசி, கார்த்திகைன்னு ரெண்டு மாசமும் கொஞ்சம் கொஞ்சமா பெய்யும். துணி காயலையேன்னு திட்டுவோம், அதோட சரி. இப்போ பாருங்க, ஐப்பசி பூரா வெயில் காயுது. அப்புறம் ஒரே நாள்ல மொத்தத்தையும் கொட்டிட்டுப் போயிடுது. கடல் சூடாயிடுச்சு, அதனால மேகம் ரொம்பத் தண்ணி குடிக்குதுன்னு டிவில ஒரு அம்மா படம் போட்டு விளக்கினாங்க. மேகம் எவ்வளவு வேணா குடிக்கட்டும் சார், எங்க தெருவுக்கு வந்துதான் இறக்கணுமா? மே மாசம் குடத்தைத் தூக்கிட்டு தண்ணி லாரி பின்னாடி ஓடறோம். டிசம்பர்ல லாரி டியூப் மேல உக்காந்து மிதக்கறோம். அதே தெரு. அதே குடம்.

லேக் வியூன்னு பேரு வெச்சப்பவே யோசிச்சிருக்கணும். நாங்க ஏரியைப் பாக்கப் போறோம்னு நெனைச்சு வாங்கினோம்.

முதல் வெள்ளத்துல என் முதல் வண்டி போச்சு. அடியில பார்க்கிங்ல நின்னுச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் கதவைத் தொறந்தா, டிரைவர் சீட்ல ஒரு தவளை. சும்மா இல்ல சார், ஸ்டியரிங்குக்கு நேரா உக்காந்திருக்கு. இன்சூரன்ஸ்காரன் வந்து என்னைக் கேக்கறான், கண்ணாடி ஏத்தியிருக்கு, கதவு பூட்டியிருக்கு, தவளை எப்படி சார் உள்ள போச்சுன்னு. என்னைக் கேட்டா? தவளையைக் கேளுய்யான்னேன்.

அன்னிக்கு முடிவு பண்ணேன். அடுத்த வண்டி மேல ஒரு சொட்டு வெள்ளம் படக்கூடாது. ரெண்டாவது வண்டி சின்னது, வெள்ளை நிறம். கைக்குழந்தை மாதிரி வெச்சிருந்தேன். தினம் காலையில குளிப்பாட்டுவேன். அதுலதான் கீழ் வீட்டு மரியசூசையோட சண்டை.

மரியசூசை ரயில்வேல கார்டா இருந்தவர். தரைத்தளம். நான் வண்டி கழுவற தண்ணி சரிவுல ஓடி அவர் வாசலுக்குப் போகும். அது என் தப்பா? சரிவு கட்டினவன் தப்பு. ஒரு நாள் வாசல்ல நின்னுட்டு, அபார்ட்மெண்டே கேக்கற மாதிரி, "யோவ், ஏரி வர்றதுக்கு முன்னாடியே நீ கொண்டு வந்து விடறியா?"ன்னார். நான் விடுவேனா? "உமக்குப் பழக்கம் ஆகட்டும்னுதான்"னேன். அதோட பேச்சுவார்த்தை நின்னு போச்சு. மொட்டைமாடிக்குப் போக லிஃப்ட்ல ஏறினாக்கூட அவர் விட்டத்தைப் பாப்பார், நான் பட்டனைப் பாப்பேன்.

குடிங்க சார், டீ ஆறுது.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னாடி, எங்க வீட்டுல திலகவதி ஒரு கூட்டம் போட்டா. என் சம்சாரம். எல்லாம் பொம்பளைங்க. என்ன பேசினாங்கன்னு கேக்கறீங்களா? சின்னச் சின்ன விஷயம் சார். மழைநீர் வடிகால்ல கிடக்கிற பிளாஸ்டிக்கை எல்லாம் அள்ளணும், கார்ப்பரேஷன்ல போய் உக்காந்து ஆள் வரவெக்கணும். தரைத்தளத்துல இருக்கற ஒவ்வொரு வீட்டுக்கும் மாடியில ஒரு வீடு ஒதுக்கணும், தண்ணி வர்றதுக்கு முன்னாடியே ஏத்திடணும். யாருக்கு என்ன மருந்து, யாரால படி ஏற முடியாது, எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சுக்கணும். டயர் கடைக்காரர்கிட்ட சொல்லி லாரி டியூப் நாலை ஒண்ணாக் கட்டி, மேல பலகை போட்டு வெக்கணும். இந்த மாதிரி சில்லறை வேலை. நான் குறுக்கே போகலை. அவங்களும் பொழுது போகணும் இல்ல? பெரிய வேலை, அதாவது வண்டி, அதை நான் பாத்துக்கிட்டேன்.

திலகா என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "ஏங்க, மரியசூசை அண்ணனுக்கு டயாலிசிஸ் தள்ளிப்போடக்கூடாது. ஆட்டோ, ஆம்புலன்ஸ் எதுவும் நம்ம பக்கம் வராது. நீங்க வண்டியைப் பாலத்துல நிறுத்தறப்போ ஆஸ்பத்திரிப் பக்க இறக்கத்துல, கடைசியா நிறுத்துங்க. டியூப்ல பாலம் வரைக்கும் கூட்டிட்டு வந்துடறோம். அங்க இருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்"னா. சரின்னேன். பேச்சுவார்த்தை இல்லாட்டியும் மனுஷன் மனுஷன்தானே?

ஆனா பாலத்துக்கு வந்து நின்னு யோசிச்சுப் பாத்தேன் சார். இறக்கத்துல, கடைசியில நிறுத்தறதா? தண்ணி ஏறினா முதல்ல எதைத் தொடும்? இறக்கத்தைத்தானே? ஆகப் பாதுகாப்பான இடம் எது? உச்சி! நடுப்பாலம்! எந்த மடையனாவது உச்சியை விட்டுட்டு அடிவாரத்துல நிறுத்துவானா? வண்டி பத்திரமா இருந்தாத்தானே அவரைக் கூட்டிட்டுப் போக முடியும்? அவ ஒரு அவசரத்துல சொல்லிட்டா, நான் நிதானமா யோசிச்சேன். முதல் ஆளா வந்து, சிவப்பு அலர்ட் வர்றதுக்கு முன்னாடியே, பஸ்ல துண்டு போடற மாதிரி உச்சியில துண்டைப் போட்டு இடம் பிடிச்சேன். நெஜமாவே துண்டுதான் சார். காத்துல பறந்துடக்கூடாதுன்னு மேல கல்லு.

அப்புறம் வந்தவன் எல்லாம் கோணல்மாணலா நிறுத்தினான். மனசு கேக்கலை. இந்த விசிலை எடுத்தேன். மூணு வரிசை. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவுல கை நுழையாது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு ஒழுங்கை நீங்க பாத்திருக்க முடியாது. இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் அடைச்சு வெச்சேன். பாதிப் பேர் பூட்டிட்டு, சாவியை எடுத்துட்டு, "சார் இருக்கார், பாத்துப்பார்"னு வீட்டுக்குப் போயிட்டாங்க. என் மேல அவ்வளவு நம்பிக்கை.

திலகா போன் பண்ணா. "எங்க நிறுத்தியிருக்கீங்க?" "ரொம்பப் பாதுகாப்பான இடத்துல"ன்னேன். பொய் இல்லையே?

மழை சார், மழைன்னா அதுதான் மழை. வானத்துல தொட்டி உடைஞ்ச மாதிரி. நான் வண்டிக்குள்ளயே இருந்தேன், காவலுக்கு. பாலத்துலயே தங்கிட்ட கொஞ்சம் பேர் ஒரு வேன்ல சீட்டு ஆடினாங்க. எல்லாரோட போனும் என் வண்டியிலதான் சார்ஜ் ஆச்சு. ரேடியோவும் ஓடிட்டே இருந்துச்சு, மழை நிலவரம் கேக்கணுமே. ஒரு தலைவன்னா ஜனங்களுக்கு உதவியா இருக்கணும்.

அந்தப் பக்கம் இருந்து திலகா அப்பப்போ நிலவரம் சொன்னா. வடிகால் அள்ளினதால தண்ணி மெதுவாத்தான் ஏறுதாம். தரைத்தளத்துல ஒரு ஈ காக்கா இல்லையாம், எல்லாரும் மாடிக்குப் போயாச்சாம். நல்லது. மரியசூசையும் அவர் வீட்டம்மாவும் எங்க இருக்காங்கன்னு கேட்டேன். "நம்ம வீட்டுல"ன்னா. நம்ம வீட்டுலயா? எங்க படுத்திருக்கார்? "உங்க கட்டில்ல."

என் கட்டில்ல சார்! நான் டிரைவர் சீட்ல முதுகு ஒடிய உக்காந்திருக்கேன், அந்த ஆள் என் கட்டில்ல, என் தலகாணியில படுத்திருக்கார். பேச்சுவார்த்தை இல்லாத ஆள்! "அந்தம்மாவுக்கு முட்டி வலி, அண்ணனுக்குக் கால் வீக்கம், அதனாலதான்"னா. தலகாணி உறையையாவது மாத்தினியான்னு கேட்டேன். போனை வெச்சுட்டா.

மறுநாள் அவருக்கு ஆஸ்பத்திரி நாள். காலையிலயே வந்துட்டாங்க. அந்தப் பக்கம் பாலத்தோட அடி வரைக்கும் ஏரி. டியூப் மிதந்து வருது, டயர் கடைக்காரர் இடுப்பளவு தண்ணியில தள்ளிட்டு வர்றார். பலகை மேல நாற்காலி, நாற்காலி மேல மரியசூசை. என் ஸ்வெட்டர். என் மஃப்ளர். தலையில என் ஹெல்மெட்! தூரத்துல இருந்து பாத்தா நானே வர்ற மாதிரி இருந்துச்சு. திலகா குடையைப் பிடிச்சுட்டுக் கூடவே நடந்து வர்றா.

மேல ஏறி வந்ததும் கேட்டா, "வண்டி எங்க?"

காட்டினேன். நடுவுல, உச்சியில, மூணு வரிசைக்கு மத்தியில, பளபளன்னு. முன்னாடி வண்டி, பின்னாடி வண்டி, பக்கத்துல வண்டி. எல்லாம் பூட்டிக் கிடக்கு.

அவ என்னைப் பாத்தா. கல்யாணம் ஆனதுல இருந்து எவ்வளவோ பார்வை பாத்திருக்கா, இது புதுசு. அப்புறம் என் கழுத்துல இருந்து விசிலைக் கழட்டி ஊதினா பாருங்க, வேன்ல சீட்டு ஆடினவன் எல்லாம் சீட்டைக் கையில வெச்சுட்டே ஓடி வந்துட்டான்.

"தூக்குங்க"ன்னா. காரை! ஒரு வண்டிக்கு எட்டுப் பேர், ரெண்டு பக்கமும் பிடிச்சு, ஐலசா ஐலசான்னு குலுக்கிக் குலுக்கிக் கைப்பிடிச் சுவரோரம் நகத்தறாங்க. ஒவ்வொண்ணும் அலாரம் போட்டுக் கத்துது. நான் குறுக்க மறுக்க ஓடறேன், கீறல் விழும்யா, பம்பரைப் பிடிக்காதய்யான்னு. வரிசை எல்லாம் போச்சு. அவ்வளவு நேரம் நான் கட்டிக் காத்த ஒழுங்கு.

மரியசூசையை ஒரு வண்டி பானட் மேல உக்கார வெச்சிருந்தாங்க. கொஞ்ச நேரம் அங்க இருந்தே கூட்ஸ் ரயிலை நகத்தற மாதிரி கையை ஆட்டிட்டு இருந்தார். அப்புறம் ஆட்டலை. மூச்சு வாங்குச்சு. காலைப் பாத்தேன், செருப்பு வாரு தெரியாத அளவுக்கு வீங்கியிருக்கு. முகமும் உப்பிப் போயிருக்கு. திட்டலை, என்னைப் பாக்கக்கூட இல்ல. அப்போ எனக்குப் பயம் வந்துடுச்சு சார். அந்த ஆள் திட்டியிருந்தா பயந்திருக்க மாட்டேன்.

வழி கிடைச்சுது. அவரைப் பின்னாடி சீட்ல ஏத்தினோம். திலகா முன்னாடி உக்காந்தா. நான் சாவியைத் திருப்பறேன். டிக். இன்னொரு தடவை. டிக்.

பேட்டரி காலி.

"ரேடியோ கேட்டீங்களா?"ன்னா திலகா. நிலவரம் கேட்டேன்னேன். நிலவரம் இப்போ பின்னாடி உக்காந்திருக்குன்னா. நேரங்காலம் தெரியாம இவளுக்குக் கிண்டல்.

சீட்டு ஆடினவங்க தள்ளினாங்க. உச்சி தாண்டினதும் வண்டி தானா உருள ஆரம்பிச்சுடுச்சு. எஞ்சின் ஓடலைன்னா ஸ்டியரிங் அம்மிக்கல்லு சார், திருப்பவே முடியாது. பிரேக்கு ஏறி நின்னாலும் பிடிக்காது. வேகம் ஏறுது. திலகா ஜன்னல் வழியா தலையை நீட்டி விசிலை ஊதிட்டே வர்றா. எல்லாரும் பின்னாடி ஓடி வர்றாங்க. நான் கந்தா முருகான்னு கத்தறேன். பின் சீட்ல இருந்து, மூச்சே இல்லாத ஆள், "பிரேக்கைத் தொடாதய்யா! சிக்னல் வரைக்கும் விடு!"ன்னு ஒரு கத்து கத்தினார் பாருங்க. பேச்சுவார்த்தை நின்னதுக்கப்புறம் அவர் என்கிட்ட பேசின முதல் வார்த்தை அதுதான். நான் பதில் பேசலை. கொள்கை கொள்கைதான்.

இறக்கம் இறங்கி, சிக்னல் தாண்டி, டீக்கடை தாண்டி, ஆஸ்பத்திரி கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி வண்டி மூச்சு விட்டு நின்னுச்சு. மிச்சத்தைத் தள்ளினாங்க. செக்யூரிட்டி வந்து ஜன்னல்ல குனிஞ்சு, "சார், எஞ்சினை ஆஃப் பண்ணிட்டீங்களா?"ன்னான்.

அவரை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. திலகா என்னை அங்க விட்டுட்டுத் திரும்பிப் போயிட்டா, இன்னும் ரெண்டு வீட்டுல மருந்து சேக்கணுமாம். நான் வண்டியை வெளியவே நிறுத்தியிருக்கலாம். மழையில நனையுமேன்னு, நாலு பேரைப் பிடிச்சுத் தள்ளி, பேஸ்மெண்ட்ல பத்திரமா விட்டேன்.

ஆமா சார். நீங்க நெனைக்கறதுதான். சாயங்காலம் பாத்தா பேஸ்மெண்ட் முழுக்கத் தண்ணி. இந்தத் தடவை தவளை பின் சீட்ல இருந்துச்சு.

ஆஸ்பத்திரியைச் சொல்லிக் குத்தம் இல்ல. நான் சொல்றது எங்க ஆளுங்களைத்தான். தண்ணி வடிஞ்சப்புறம் மொட்டைமாடியில பாராட்டுக் கூட்டம். திலகாவுக்குப் பொன்னாடை. டயர் கடைக்காரருக்குப் பொன்னாடை. சீட்டு ஆடினவனுக்கெல்லாம் பொன்னாடை! வண்டியையே பறிகொடுத்தவன் நான், என்னை மேடைக்குக் கூப்பிட்டாங்களா? நாற்காலி எடுத்துப் போடச் சொன்னாங்க. அந்த மரியசூசை மைக்கைப் பிடிச்சு, "எஞ்சின் ஓடாதப்போதான் சபாநாயகம் நல்லா ஓட்டறார்"ன்னார். எல்லாரும் சிரிக்கறாங்க. திலகாவும்.

இந்த வருஷம் பாலத்துக்குன்னே தனிக் கமிட்டி. திலகா போட்ட விதி. நடுவுல ஒரு வண்டி போற அளவுக்கு வழி விட்டுத்தான் நிறுத்தணும். உச்சியில, வண்டியைப் பூட்டிட்டுப் போறவங்க நிறுத்தலாம், ஓரமா. இறக்கத்துல, கூப்பிட்ட உடனே எடுக்கறவங்க மட்டும். டேங்க் நிறைய, பேட்டரி நல்லா, சாவி கையில. டயாலிசிஸ், பிரசவம், இதெல்லாம் மழை வர்றதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிப் பக்கம் போயிடணும். இதுக்கெல்லாம் பொறுப்பாளர் யாரு? நான்தான். "வண்டி இல்லாத ஆள்தான் நியாயமா இடம் ஒதுக்குவான்"னு எல்லார் முன்னாடியும் சொன்னா. எவ்வளவு பெரிய கௌரவம் பாருங்க.

அதனாலதான் சார் உங்களை இங்க வரச் சொன்னேன். உங்க முகத்தைப் பாத்ததும் தெரிஞ்சுது, நல்ல மனுஷன். பேட்டரி எப்படி? புதுசா? அருமை. ரேடியோவை மட்டும் போடாதீங்க.

அதோ, சிவப்புக் குடை தெரியுதா? அது திலகா. பின்னாடி பையைத் தூக்கிட்டு நடந்து வர்றார் பாருங்க, அவர்தான். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா, மழை விடற வரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கத்துல அவர் தங்கச்சி வீட்டுல இருந்துப்பார். ஒரு அஞ்சு நிமிஷ வேலை. இறக்கி விட்டுட்டு வந்துடுவீங்க இல்ல? வழி பூரா என்னைப் பத்திச் சொல்வார். உச்சியில நிறுத்தினான், பேட்டரியைக் காலி பண்ணான், பேஸ்மெண்ட்ல கொண்டு போய் முக்கினான்னு. சொல்லட்டும். மறுத்துப் பேசாதீங்க, அவருக்கு மூச்சு வாங்கும்.

பேஸ்மெண்ட் விஷயத்துல ஒண்ணு சார், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். தண்ணி வருது, வண்டியை எடுங்கன்னு மைக்ல சொன்னாங்க. நாலு மாடிக்கும் கேட்டுச்சு. என் நம்பரைக்கூட ரெண்டு தடவை வாசிச்சாங்க. நாலு பேர் தள்ளியிருந்தா மேல ஏத்தியிருக்கலாம். ஆனா நான் அந்த டயாலிசிஸ் ரூம் வாசல்ல நின்னுட்டு இருந்தேன். கதவு சாத்தியிருக்கு. உள்ள என்ன ஆச்சுன்னு யாரும் ஒண்ணும் சொல்லலை. அவர் வீட்டம்மா எங்க வீட்டு மாடியில, திலகா தண்ணிக்குள்ள. யாராவது ஒருத்தர் வெளியில வந்து "சபாநாயகம் யாரு"ன்னு கேட்டா, நான் அங்க இருக்க வேணாமா?

வந்துட்டாங்க. ஏறட்டும், பின் கதவைத் தொறந்து விடுங்க. உள்ள சேத்து, ஊசி போட்டு, நல்லா மூச்சு விடறார்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு போன் அடிங்க சார். நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல.